பொங்கலுக்குப் பின்னால் அறுபது பேர்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் விழாக்களை நடத்துகிறவர்கள் ஒரு காசும் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் களைத்துவருகிறார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. மின்னசோட்டாவில் அந்த நேரத்துக்கு உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே போவது புதிதல்ல. நடுநிலைப் பள்ளி ஒன்றின் வாசலில் நாலைந்து வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன. பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கஸ்டோடியன் வந்து கதவைத் திறக்கும்வரை யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு மினிவேனில் இருக்கைகளை மடக்கிவிட்டுக் கரும்பைக் கிடத்தியிருக்கிறார்கள். ஆசியக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கியது. அடுத்த வண்டியில் தடித்த அட்டைகளில் முந்தின வாரமே போட்டு முடித்த கோலங்கள். பள்ளித் தரையில் மாவு சிந்தினால் துப்புரவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது வண்டியில் பித்தளைப் பானையும் பழைய சுருள் மின்னடுப்பும்.

அந்த அடுப்புக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி அரங்குக்குள் தீ மூட்ட அனுமதி கிடைக்காது. இண்டக்‌ஷன் அடுப்போ பித்தளையைச் சூடாக்காது. சுருள் அடுப்பில் பெரிய பானைப் பால் பொங்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் ‘பொங்கல் வைத்தல் – 10.05’ என்று அச்சாகியிருக்கும். எனவே ஒருவர் ஒன்பது மணிக்கே பானையோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். கொதி வரும் தறுவாயில் சூட்டைக் குறைப்பதும், தமிழ்த்தாய் வாழ்த்து முடிகிற நேரம் பார்த்துக் கூட்டுவதும் அவர் பொறுப்பு. நானூறு பேர் ‘பொங்கலோ பொங்கல்’ என்று குரல் கொடுக்கும்போது அவர் கையில் துணியோடு தயாராக நிற்பார். வழிகிற பால் மேடையின் மரப்பலகையில் இறங்கிவிடக் கூடாது.

இப்படி ஒரு நாள் விழாவுக்கு ஐம்பது அறுபது பேர் வேண்டும். மேடை, ஒலி, நுழைவுச்சீட்டு, பந்தி, வண்டி நிறுத்தம், குழந்தைகளின் ஒப்பனை அறை, கடைசியில் குப்பை. யாருக்கும் சம்பளம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலக வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள், திங்கட்கிழமை காலை மறுபடி அலுவலகத்தில் இருப்பார்கள்.

1969இலிருந்து

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்ட பிறகுதான் தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் பேராசிரியர்களும் அமெரிக்காவுக்குக் கணிசமாகப் போகத் தொடங்கினார்கள். சிகாகோ தமிழ்ச் சங்கம் 1969இல் பிறந்தது. நியூயார்க் சங்கம் 1970இல். 1987இல் சில சங்கங்கள் கூடி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையை அமைத்தன. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் ஈழத்திலிருந்து போனவர்களும் அதில் சேர்ந்தே இருந்தார்கள். இன்று அதன் குடையின்கீழ் அறுபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பேரவையின் ஆண்டு விழா ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடக்கும். 2019இல் சிகாகோவில் பேரவை விழா, சிகாகோ சங்கத்தின் பொன்விழா, பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு மூன்றும் ஒரே வாரக் கடைசியில் சேர்ந்துகொண்டன. 2022இல் நியூயார்க், 2023இல் சாக்ரமெண்டோ, 2024இல் சான் அந்தோனியோ, 2025இல் ராலே. ஆண்டுக்கு ஓர் ஊர். ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்ச் சங்கத்தின் தன்னார்வலர்கள்தான் ஆயிரக்கணக்கான விருந்தினர்களுக்குச் சோறும் அறையும் மேடையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பாலானோருக்கு அது முதல் முறை.

வெளிநாட்டுத் தொழில்முறைப் பணியாளர்களுக்கான எச்-1பி விசா 1990இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதன்பின் சங்கங்களின் முகமும் மாறியது. முதல் தலைமுறை ஒரே ஊரில் வீடு வாங்கி முப்பது ஆண்டு இருந்தது. கணினித் துறைத் தலைமுறை புராஜெக்ட் முடிந்தால் ஊர் மாறுகிறது. நேற்று ஒலிப்பெட்டி பார்த்தவர் நாளை வேறு மாநிலத்தில்.

சாவி, காப்பீடு, சாம்பாரின் சூடு

விழா என்றவுடன் நமக்கு நினைவு வருவது மேடை. தன்னார்வலருக்கு நினைவு வருவது படிவம். பள்ளி அரங்கை வாடகைக்கு எடுக்க மாவட்டக் கல்வி நிர்வாகத்திடம் மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். வாரக் கடைசியில் கஸ்டோடியனுக்கு மிகைநேரக் கூலி தனி. பொதுவாகக் கேட்கப்படுவது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு; அதில் பள்ளி நிர்வாகத்தின் பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். சமையலறையைத் தொட வேண்டுமானால் பல இடங்களில் பள்ளியின் உணவுப் பணியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவருக்கும் கூலி. தை முதல் நாள் எந்தக் கிழமை வந்தாலும், அரங்கம் கிடைக்கிற சனிக்கிழமையில்தான் பொங்கல். அது ஜனவரி கடைசியாகவும் இருக்கலாம், பிப்ரவரியாகவும் இருக்கலாம்.

பந்தியில் இன்னொரு கணக்கு. அமெரிக்க உணவு விதித்தொகுப்பின்படி சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் 57 டிகிரி. பன்னிரண்டு மணிக்கு உணவகத்திலிருந்து வந்த சாம்பார் ஒன்றரை மணிவரை அலுமினியத் தட்டில் காத்திருந்தால் ஆறிவிடும். ஆகவே தட்டுகளுக்குக் கீழே எரியும் சிறு எரிபொருள் டப்பாக்களையும், வெப்பமானியையும், கையுறையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இருநூற்றைம்பது பேர் வருவதாக இணையப் படிவத்தில் பதிந்திருப்பார்கள். “ஊரிலிருந்து மாமியார் வந்திருக்காங்க, கூட்டிட்டு வரலாமில்ல?” என்ற செய்திகள் காலை எட்டு மணிக்குமேல் வாட்ஸ்ஆப்பில் வரத் தொடங்கும். “அக்கா, தயிர் சாதம் ரெண்டாவது பந்திக்கு இருக்கா?” என்று ஒருவர் கேட்கும்போது, அந்த அக்கா இன்னும் காலைக் காப்பிகூடக் குடித்திருக்க மாட்டார்.

சட்டத்தில் இவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 1997இல் வந்த தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கமற்ற அமைப்புக்காக நல்ல எண்ணத்தில் வேலை செய்யும்போது நேர்கிற சாதாரணத் தவறுகளுக்குத் தன்னார்வலரைப் பொறுப்பாக்காது. ஆனால் வண்டி ஓட்டி நேரும் விபத்து அதில் சேராது. விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர, தூங்காமல் காரை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது. இது எல்லாச் செயற்குழுவும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி. பெரும்பாலான ‘பிக்-அப்’ பட்டியல்களில் பெயரும் விமான எண்ணும் மட்டுமே இருக்கின்றன.

■ ஒரு மணி நேரத்தின் மதிப்பு
அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ‘இண்டிபெண்டண்ட் செக்டர்’ 2023ஆம் ஆண்டுக்குத் தன்னார்வலரின் ஒரு மணி நேரத்தை 33.49 டாலர் என மதிப்பிட்டது. அறுபது பேர் ஆளுக்குப் பத்து மணி நேரம் உழைத்தால் 20,094 டாலர். பல சங்கங்களுக்கு அரங்க வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தாலும் இந்தத் தொகை வராது. மைக்ரோசாஃப்ட் போன்ற சில நிறுவனங்கள் ஊழியர் தொண்டு செய்த மணி நேரத்துக்கு அந்த அமைப்புக்கே பணம் தருகின்றன. மைக்ரோசாஃப்டின் விகிதம் மணிக்கு 25 டாலர். வரிவிலக்குப் பதிவு பெற்ற சங்கமாக இருக்க வேண்டும், யாராவது நேரத்தைக் குறித்துவைக்கவும் வேண்டும். குறித்துவைக்காமல் போகும் மணி நேரங்கள்தான் அதிகம்.

எச்-4 பெண்களின் உழைப்பு

சங்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைவர்களின் பட்டியலைப் போடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே இருக்கும் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. அதற்கு விசாச் சட்டமும் ஒரு காரணம்.

எச்-1பி வைத்திருப்பவரின் மனைவி எச்-4 விசாவில் வருவார். பொறியியல் படித்து, சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கே இறங்கிய நாளிலிருந்து சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 2015 மே 26 முதல்தான், கணவருக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான முதற்கட்ட ஒப்புதல் கிடைத்திருந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதி வந்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் அந்த ஒப்புதல் வராதவர்களுக்கும், திறமையைக் காட்டக் கிடைத்த இடங்களில் ஒன்று சங்கம். மற்றொன்று தமிழ்ப் பள்ளி. நாற்பது குழந்தைகளை அடித்தளத்து அறையில் வைத்துக் கும்மி பழக்கியது, பாட்டுக் கோப்புகளுக்கு ‘07 கரகம்’, ‘08 கோலாட்டம்’ என்று வரிசை எண் போட்டு மடிக்கணினியில் அடுக்கியது, எக்செல் தாளில் யார் வீட்டில் எத்தனை நாற்காலி என்று கணக்கு வைத்தது எல்லாம் பெரும்பாலும் இவர்கள்தான்.

இந்த உழைப்புக்குச் சங்கங்கள் நன்றி சொல்லத் தவறுவதில்லை. மேடையில் பூங்கொத்து கொடுக்கிறார்கள். ஆனால் பொருளாளர், தலைவர் பதவிகளுக்குப் பெயர் முன்மொழியும் நாளில் அதே பெண்கள் நினைவுக்கு வருவது குறைவு. ‘கலை நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்’ என்ற பதவியோடு நிறுத்திவிடுவது அநியாயம். ஒரு விழாவின் வரவு செலவை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. இதற்கிடையே வேலை அனுமதி வந்தவர்கள் அலுவலகம் போய்விட்டார்கள். போக வேண்டியதுதான். ஆனால் வாரநாள் பகலில் அரங்கம் பார்க்கவும், கடைகளில் நன்கொடை கேட்கவும் இருந்த கைகள் போனதைப் பல செயற்குழுக்கள் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய எண்ணிக்கையிலேயே விழாக்களை அறிவித்துக்கொண்டிருக்கின்றன.

நட்சத்திரம் வந்துபோன பிறகு

சங்கத்துக்குள் அதிகம் சண்டை வருவது எதில் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சினிமாக்காரர்களை அழைப்பதில். நட்சத்திரம் வந்தால் நுழைவுச்சீட்டு விற்கும், விளம்பரதாரர் வருவார் என்று ஒரு பக்கம். உள்ளூர்க் குழந்தைகளின் நிகழ்ச்சியைச் சுருக்க வேண்டியிருக்கும் என்று இன்னொரு பக்கம்.

கலைஞர்களை அழைப்பதில் தவறே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பறை ஆசான்கள் சில நாட்கள் தங்கிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன ஊர்களில் இன்று சொந்தப் பறைக்குழு இருக்கிறது. பிள்ளைகள் அணிவகுப்புகளிலும் பள்ளி விழாக்களிலும் அடிக்கிறார்கள். சிலம்பத்துக்கும் தெருக்கூத்துக்கும் இதேதான் நடந்தது. எழுபது பேர் நடிக்கும் உள்ளூர் நாடகம் ஒன்று போட்டால், எழுபது குடும்பங்கள் ஆறு வாரம் ஒருவரையொருவர் பார்த்துப் பழகுகின்றன. அடுத்த விழாவுக்கு ‘நாங்களும் வர்றோம்’ என்று கை தூக்குகிறவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

நட்சத்திர இரவு வேறு மாதிரி. விசா, விமானச் சீட்டு, விடுதி, ஒலி ஒளி நிறுவனம் எல்லாம் முன்பணம். நுழைவுச்சீட்டோ கடைசி வாரத்தில்தான் விற்கும். விசா மறுக்கப்பட்டாலோ படப்பிடிப்பு தள்ளிப்போனாலோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் வசவும் தன்னார்வலர் தலையில். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், அன்று அவர்கள் செய்வது ஓட்டுநர் வேலை, கூட்டத்தைத் தள்ளிநிறுத்தும் வேலை. மேடையில் என்ன நடந்தது என்று மறுநாள் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். வந்த கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத் தெரிந்துவிடும்.

■ மேடைக்கு வரும் வழி
மரபுக் கலைஞர்களுக்கென உள்ளது பி-3 விசா. அழைக்கும் அமைப்பு விண்ணப்பிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் இணைக்க வேண்டும். 460 டாலராக இருந்த அடிப்படைக் கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 1,015 டாலர் ஆனது; லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு 510. ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் 25 பேர். இது ஒப்புதல் ஆன பிறகும், கலைஞர் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போயே ஆக வேண்டும்.

அதே அறுபது பேர், வேறொரு இரவில்

‘இவ்வளவு பாடுபட்டு ஒரு நாள் கூடிச் சாப்பிட்டுக் கலைவதில் என்ன பயன்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பயன் தெரிவது விழாவன்று அல்ல.

எச்-1பியில் வந்த இளைஞர் ஒருவர் மாரடைப்பிலோ விபத்திலோ இறந்துபோனால், அவர் மனைவியின் விசா கணவரின் விசாவில் தொங்கிக்கொண்டிருப்பது. வங்கிக் கணக்கு ஒருவர் பெயரில். பெற்றோர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ் வேண்டும், உடல் பதப்படுத்திய சான்றிதழ் வேண்டும், கடவுச்சீட்டை ரத்து செய்ய வேண்டும், இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் இடம் வேண்டும். ஈமச்சடங்கு நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர். அந்த இரவில் யார் யாரைக் கூப்பிடுவது? பொங்கல் விழாவின் வாட்ஸ்ஆப் குழு அப்போது விழித்துக்கொள்கிறது. பந்திக் கணக்கு பார்த்த அக்கா மனைவியோடு தங்குகிறார். விமான நிலையப் பட்டியல் போட்ட அண்ணன் சரக்குப் பிரிவோடு பேசுகிறார். பொருளாளர் நிதி திரட்டும் பக்கத்தைத் தொடங்குகிறார். ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்திருப்பதால்தான் இது இரண்டு மூன்று நாளில் முடிகிறது. முன்பின் தெரியாதவர்களைத் திரட்டி இதைச் செய்ய முடியாது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும், 2018 நவம்பரில் டெல்டாவைக் கஜா புயல் அடித்துப்போட்டபோதும் பணம் திரட்டியவை இந்தச் சங்கங்களே. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சுந்தரேசன் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. மிச்சத்துக்கு ஊர் ஊராக விருந்துகளும் கலைநிகழ்ச்சிகளும் நடத்திச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களில் சங்கத் தன்னார்வலர்கள் ஏராளம். 2018இல் இலக்கு எட்டப்பட்டது.

தமிழ்ப் பள்ளிகளும் இதே கைகளால் வளர்ந்தவை. 1998இல் கூப்பர்டினோவில் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகமாகட்டும், 2009இல் உருவான அமெரிக்கத் தமிழ்க் கல்விக் கழகமாகட்டும், வார இறுதி வகுப்பை எடுப்பது பெற்றோர்களே. உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இருமொழித் திறனுக்கு முத்திரை வழங்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2011இல் கொண்டுவந்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் பிறந்தது. விழா மேடையில் குறள் சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் தேர்வறை அந்நியமாக இருப்பதில்லை.

■ கணக்கு காட்டாவிட்டால்
வரிவிலக்குக்கான 501(சி)(3) பிரிவில் பதிந்த சங்கத்தின் ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் ‘990-என்’ என்ற சிறு மின்படிவம் போதும். மூன்று ஆண்டு தொடர்ந்து தராவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்து. 2011 ஜூனில் அமெரிக்க வருமான வரித் துறை இப்படி ரத்தான சுமார் 2,75,000 அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டது. மோசடி செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பொருளாளர் ஊர் மாறி, புதியவருக்குப் படிவம் பற்றித் தெரியாமல் போனாலே போதும்.

அடுத்து யார்?

தன்னார்வலர் தட்டுப்பாடு தமிழர்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமைப்புகள் வழியாகத் தொண்டு செய்த அமெரிக்கர்கள் 2019இல் 30 சதவீதம். கொரோனா காலத்தில், 2021இல், அது 23.2 ஆக விழுந்தது. 2023இல் 28.3க்கு ஏறியும் பழைய அளவைத் தொடவில்லை. சங்கங்களுக்கு அடி வேறு விதத்தில் விழுந்தது. 2020இல் விழாக்கள் திரைக்குள் போயின. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இந்த வேலை கைக்கு வரும். எந்தப் பள்ளியில் ஒலி எதிரொலிக்கும், எந்த உணவகம் சொன்ன நேரத்துக்கு அனுப்பும், மேடையில் நாற்பது நிகழ்ச்சிகளை எப்படி நாலு மணி நேரத்துக்குள் அடைப்பது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. அரங்கம் மறுபடி திறந்தபோது தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஊர் மாறியிருந்தார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருந்தார்கள்.

களைப்பின் இன்னொரு முகம் பிளவு. கணக்கில் ஒரு கேள்வி, நிகழ்ச்சி வரிசையில் ஒரு மனத்தாங்கல், வாட்ஸ்ஆப்பில் நள்ளிரவில் ஒரு நீண்ட செய்தி. ஆறு மாதத்தில் அதே ஊரில் இரண்டாவது சங்கம். ஒரே சனிக்கிழமை இரண்டு பொங்கல், ஒரே உணவகத்தில் இரண்டு ஆர்டர், முப்பது முப்பதாகப் பிரிந்த தன்னார்வலர்கள். இரண்டு பக்கமும் அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாகக் களைத்திருக்கும்.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. ‘மேடைப் பொறுப்பு முழுதும் உங்களுடையது’ என்று சொன்னால் புதியவர் பயந்து ஓடுவார். ‘பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை வாசலில் நில்லுங்கள்’ என்றால் வருவார், அடுத்த முறை நான்கு மணி நேரம் கேட்பார். செயற்குழுவில் ஆண்டுதோறும் பாதிப் பேர் மட்டும் மாறும்படி விதி வைத்தால் தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் ஓர் ஆண்டு இருப்பார். ஆண்டுக்கு எட்டு விழா நடத்தும் சங்கம் நான்காகக் குறைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. கடைசியில் அரங்கைக் கூட்டிப் பெருக்கக் கூலிக்கு ஆள் வைப்பது கௌரவக் குறைவும் இல்லை. இரவு பத்து மணிக்குக் குப்பைப் பையோடு நிற்கும்போதுதான் பலர் ‘இதோடு போதும்’ என்று முடிவெடுக்கிறார்கள். இருநூறு டாலரில் ஒரு நல்ல தன்னார்வலரைக் காப்பாற்றலாம்.

பெரிய வாய்ப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலருக்குச் சமூகத் தொண்டு மணி நேரம் தேவை. அதிபரின் தன்னார்வலர் விருதுக்காக, பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ளவர்கள் தங்கத் தரத்துக்கு ஆண்டில் 100 மணி நேரம் என்ற கணக்கில், பல ஆண்டுகளாகச் சங்கங்களில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன? தண்ணீர் பாட்டில் நீட்டுவது, வாசலில் சீட்டுக் கிழிப்பது. ஒலி மேசையை, ஒளிப்பதிவை, பதிவுப் படிவத்தைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். தொகுத்து வழங்க அனுமதித்தால் நடுநடுவே ஆங்கிலம் வரும் என்று தயங்குகிறார்கள். வரட்டும். ‘அங்கிள், ஐட்டம் பதினாறு ரெடி’ என்று மேடை ஓரத்தில் நின்று சொல்கிற பதினாறு வயதுப் பெண், தமிழ் வகுப்பில் கற்றதைவிட அதிகமான தமிழை அந்த ஒரு நாளில் காதால் கேட்கிறாள்.

பல சங்கங்களில் பொதுக்குழுவும் தேர்தலும் ஆண்டுக் கடைசியில் வரும். அங்கே பேச்சுகளைவிட முக்கியமான வேலைகள் சில உண்டு. வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றப் பழைய பொருளாளரும் புதியவரும் ஒன்றாகப் போக வேண்டும். மின்னஞ்சல், இணையதளக் கடவுச்சொற்களைக் கைமாற்ற வேண்டும். அட்டைக் கோலங்களும் பித்தளைப் பானையும் இருக்கும் வாடகைக் கிடங்கின் சாவியைக் கொடுக்க வேண்டும். வரிப் படிவத்தின் கடைசித் தேதியைப் புதியவர் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். இவை டிசம்பருக்குள் முடியாத சங்கங்களில், ஜனவரி அரங்கத்துக்கான முன்பணத்தை யாராவது ஒருவர் தன் சொந்த கிரெடிட் கார்டில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.